பாசறை தந்த பழக்கங்கள்

வெளியூர் சென்று திரும்புவோர் வெறுங்கையோடு வருவதில்லை. திருவிழாவுக்குச் சென்றவர் பொரியும் கடலையும் கொண்டு வருவர். கடல் கடந்து சென்றவர் பெட்டி நிறையப் பொருள் கொண்டு வருவர். தேசிய மாணவர் படையின் பயிற்சி முகாமுக்குச் சென்று மீளும் மாணவன் கொண்டு வருபவையோ பெட்டியில் இருப்பதில்லை. அவை அவன் கையிலும் காலிலும் குரலிலும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவையே பாசறை தந்த பழக்கங்கள். அவற்றைக் கண்ட வீட்டார் முதலில் வியப்பர், பின்னர் நகைப்பர், சில வேளைகளில் சினமும் கொள்வர்.

இப்படையின் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்க்கெனப் படைப்பிரிவு ஒன்று தோன்றியது. நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1946-இல், மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிக்கும் முறையை ஆராயக் குன்சுரு என்பாரின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. புதுக்கோட்டை மக்களுக்கு அவ்வாண்டு வேறொரு வகையிலும் நினைவில் நிற்பது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள், தொண்டைமான் மன்னர்கள் ஆண்டு வந்த சமஸ்தானம் இந்திய நாட்டுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. பின்னர் 1974-இல் அது தனி மாவட்டமாக மலர்ந்தது. மாணவர் படையில் 1949-இல் மாணவியர் பிரிவும் தொடங்கப்பெற்றது. சீனப் போருக்குப் பின், 1963-இல், கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பதே இப்படையின் குறிக்கோள்.

பயிற்சி முகாம் பத்து நாள் அளவில் நடைபெறும். கிழக்கு வெளுக்குமுன் ஊதல் ஒலிக்கும். எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டிக் கயிற்றால் கட்ட வேண்டும். உடற்பயிற்சி, அணிநடை, துப்பாக்கியைக் கையாளும் முறை, நிலப்படத்தைப் படிக்கும் முறை, முதலுதவி என ஒன்றன்பின் ஒன்றாகப் பாடங்கள் தொடரும். உணவு வேளையில் தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நின்று சோறு பெறுதல் வேண்டும். உண்டபின் அத்தட்டைத் தானே கழுவுதல் வேண்டும். இரவில் குறித்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே ஒரே கூடாரம், ஒரே வரிசை.

முகாம் முடிகிறது. ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள தன் வீட்டுக்கு மாணவன் ஒருவன் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கோழி கூவுமுன் அவன் எழுந்துவிடுகிறான். தன் பாயைச் சுருட்டுகிறான். போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கிறான். அதனோடு அவன் கை நிற்பதில்லை. அருகில் உறங்கும் தம்பியின் போர்வையும் உருவி மடிக்கப்படுகிறது. தம்பி எழுப்பும் அழுகுரலே அன்று அவ்வீட்டின் ஊதலாக அமைகிறது. காலை உணவு வேளையில் அடுப்பங்கரை வாயிலில் தட்டை ஏந்தி அவன் வரிசையில் நிற்கிறான். அவ்வரிசையில் நிற்பவன் அவன் ஒருவனே. இலையில் இட்ட உணவை இரண்டு நிமிடத்தில் முடிக்கிறான். "மெல்ல உண்ணப்பா, உன் பின்னால் யார் நிற்கிறார்கள்?" என்று தாய் கேட்கிறாள். அவனும் தன்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்.

அணிநடைக் கட்டளைகள் இந்தி மொழியில் அமைந்தவை. ஒவ்வொரு கட்டளையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதில்லை. 'தேஸ்' என்று முற்பகுதியை நீட்டிச் சொல்லி, சற்றே நிறுத்தி, 'சல்' என்று பிற்பகுதியை வெட்டியதுபோல் சொல்வர். முற்பகுதி உடலை ஆயத்தம் செய்கிறது. பிற்பகுதி அதனை இயக்குகிறது. இம்முறை மாணவனின் நாவில் ஆழப் பதிந்துவிடுகிறது. ஆகவே அவன் தாயிடம் நீர் கேட்கும்பொழுதும், "அம்மா..." என்று நீட்டி நிறுத்தி, "தண்ணீர்!" என்று வெட்டுகிறான். தெருவில் செல்வோர் திரும்பிப் பார்க்கின்றனர். அப்பத்தா அழைத்தால் ஓடிச்சென்று குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நிற்கிறான். முகாமில் காலில் பூட்சு இருந்தது, வீட்டிலோ வெறுங்கால். எலும்போடு எலும்பு மோதிய வலி முகத்தில் தெரியாதவாறு அவன் நிற்பதைக் கண்டு அப்பத்தா பொக்கைவாய் திறந்து சிரிக்கிறாள். மாலையில் கண்மாய்க் கரையில் மேயும் எருமையை நோக்கி, 'நில்' என்னும் பொருளுடைய 'தம்' என்ற கட்டளையை இடுகிறான். எருமை எப்படைப் பிரிவிலும் சேர்ந்ததன்று. அது தன் போக்கில் நடக்கிறது.

இரவில் அவன் திண்ணையில் படுத்திருக்கிறான். வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டுத் தந்தை இருட்டில் வருகிறார். உடனே அவன் எழுந்து, திருமயம் கோட்டையைக் காக்கும் வீரனைப்போல் நிமிர்ந்து நின்று, "யார் அங்கே?" என்று அதட்டுகிறான். "இந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவன்" என்று தந்தை விடை பகர்ந்து உள்ளே செல்கிறார். இக்காவல் வினாவுக்கும் ஒரு சுவையான கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் காவல் வீரர், 'ஹூ கம்ஸ் தேர்' என்று ஆங்கிலத்தில் வினவ வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத இந்தியச் சிப்பாய்களின் நாவில் அது 'ஹுகும்தார்' என்று திரிந்து வழங்கிற்று. சொல் சிதைந்தது, காவல் சிதையவில்லை.

புதுக்கோட்டை நகரின் தெருக்களோ இத்தகைய மாணவர்க்கெனவே அமைந்தவை போன்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திவானாக விளங்கிய சேஷய்ய சாஸ்திரியார் அந்நகரைத் திருத்தி அமைத்தார். நேரான அகன்ற வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன. முகாமிலிருந்து மீண்ட மாணவர் இருவர் அவ்வீதியில் சேர்ந்து நடந்தால், மூலை வந்ததும் வளைந்து திரும்பமாட்டார்கள். நின்று, குதிகாலில் சுழன்று, பின்னரே நடப்பார்கள். அவர்தம் நடைக்கும் கணக்கு உண்டு. விரைநடையில் ஓர் அடி 30 அங்குலம். ஒரு நிமிடத்துக்கு 120 அடிகள். ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 91 மீட்டராக, ஒரு கிலோமீட்டரை 11 நிமிடத்தில் கடக்கலாம். ஆனால் சந்தைக்குக் கூட வந்த தந்தைக்கு இக்கணக்கு தெரியாது. காய்கறிப் பையைச் சுமந்த அவர் பின்தங்கிவிடுகிறார். தன்பின் தந்தை வருகிறார் என்று எண்ணிப் பேசிக்கொண்டே சென்ற மகன், பேருந்து நிலையத்தில் திரும்பிப் பார்க்கையில் முன்பின் அறியாத ஒருவர் நிற்கக் காண்கிறான்.

இப்பழக்கங்கள் ஏன் இவ்வாறு ஒட்டிக்கொள்கின்றன? அணிநடையின் நோக்கமே ஒரு செயலைப் பன்முறை செய்வித்து, சிந்தியாமலே உடல் அதனைச் செய்யுமாறு பழக்குவதாகும். ஆபத்து நேரும்பொழுது ஆராய்ந்து பார்க்கக் காலம் இராது. கட்டளை கேட்ட கணமே கை இயங்க வேண்டும். ஆயின் பழக்கத்துக்குக் கண் இல்லை. பாசறையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதை அறிவு அறிந்தாலும் கால் அறிவதில்லை. இடம் மாறியும் பழக்கம் மாறாதபொழுதே நகைப்புப் பிறக்கிறது.

இவ்விடத்து இங்கிலாந்து நாட்டில் நிகழ்ந்த ஒன்றை நினைத்தல் தகும். 1831-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், மான்செசுட்டர் நகருக்கு அருகிலுள்ள பிராட்டன் என்னுமிடத்தில், 74 வீரர்கள் ஒரு தொங்கு பாலத்தின்மீது அணிவகுத்து நடந்தனர். அவர்தம் காலடிக்கு ஏற்பப் பாலம் ஊசலாடத் தொடங்கியது. அது வீரர்களுக்கு வேடிக்கையாயிற்று; ஊசலுக்கு இசைய மேலும் அழுத்தமாக அடிவைத்தனர். ஊசல் மிகுந்தது, பழுதுற்றிருந்த இரும்பாணி ஒன்று முறிந்தது, பாலத்தின் ஒரு முனை சரிந்தது. நாற்பதின்மர் அளவில் ஆற்றில் வீழ்ந்தனர். நல்வாய்ப்பாக உயிரிழந்தவர் எவரும் இலர். இருபதின்மர் அளவில் காயமுற்றனர். அதன்பின், பாலத்தைக் கடக்கும்பொழுது அடி ஒத்து நடத்தல் கூடாது, அணிநடையைக் கலைத்து அவரவர் போக்கில் நடக்க வேண்டும் என்று ஆங்கிலப் படையில் ஆணை பிறந்தது. அடி ஒத்து நடக்கக் கற்பித்த படையே அதனைக் கலைக்கவும் கற்பித்தது.

வீடும் அத்தகைய ஒரு பாலமே. அங்கே முதிர்ந்தவரும் இளையவரும் நோயாளரும் உடன் வாழ்கின்றனர். ஒருவருடைய நடை போன்றதன்று மற்றொருவர் நடை. அப்பத்தாவைக் கோயிலுக்கு அழைத்துச் செல்பவன் நிமிடத்துக்கு 120 அடி வைத்தல் இயலாது; அவள் வைக்கும் அடிக்குத் தன் அடியைக் குறைத்தல் வேண்டும். அவ்வாறு குறைப்பது ஒழுக்கம் தளர்ந்ததன் அடையாளம் அன்று. ஒழுக்கத்தின் பயனை உணர்ந்ததன் அடையாளமே.

ஆனால் உண்மையில் நிகழ்வது யாது? இரண்டு வாரம் கழிகிறது. கட்டளைக் குரல் மட்டும் நிற்கிறது. குதிகாலைச் சேர்ப்பதும் நிற்கிறது. அவை பிறர் காணத்தக்கவை, கைதட்டல் பெற்றவை. காலையில் எழுவதோ மறைகிறது; பாயைச் சுருட்டுவதும் மறைகிறது. பத்து நாள் தன் தட்டைத் தானே கழுவியவன், உண்ட தட்டை அப்படியே விட்டு எழுகிறான். அவனுடைய அக்காள் வந்து அதனை எடுத்துக் கழுவுகிறாள். அவள் எம்முகாமுக்கும் சென்றவள் அல்லள். எனினும் நாள்தோறும் விடியுமுன் எழுகிறாள். வாசல் தெளித்துக் கோலமிடுகிறாள். குடிநீர் கொண்டு வருகிறாள். பின்னரே பள்ளிக்குப் புறப்படுகிறாள். அவளை எழுப்ப ஊதல் ஒலிப்பதில்லை. அவள் தோளில் பட்டையும் இல்லை. அவளுக்கு இருக்கும் ஒழுக்கம் அவனுக்கு வாய்த்ததா என்பதை அந்தத் தட்டே கூறிவிடும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபொழுது, புதுக்கோட்டை மாவட்டமும் பெருஞ்சேதம் உற்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் ஊருக்கு வேண்டுவது உரத்த கட்டளைக் குரல் மட்டுமன்று. வரிசை குலையாமல் குடிநீரைப் பங்கிடுபவனும், காயமுற்றவனுக்குக் கட்டுப் போடத் தெரிந்தவனும், முதியவளின் வீட்டு வாயிலில் வீழ்ந்த மரக்கிளையைச் சொல்லாமலே அகற்றுபவனும் வேண்டும். அவனைப் பாசறை உருவாக்கலாம். ஆனால் நாள்தோறும் காத்து வளர்ப்பது வீடே.

ஆதலின் முகாமிலிருந்து மீளும் மாணவர் தம் பழக்கங்களைக் கண்டு பிறர் நகைத்தால் நாணுதல் வேண்டா. நகைப்புக்கு இடமானவற்றை வீட்டாரோடு சேர்ந்து தாமும் நகைத்து விட்டுவிடலாம். விடத்தகாதவற்றை விடாமல் பற்றுதல் வேண்டும். ஊதல் ஒலியாத வீட்டில், ஹவில்தார் நில்லாத இடத்தில், தானே எழுந்து தன் தட்டைத் தானே கழுவி, முடிந்தால் அக்காளின் தட்டையும் கழுவி வைப்பவனே பயிற்சியை முழுமையாகப் பெற்றவன்.