புளூடூத் மவுஸ் திணறுகிறதா?

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் புளூடூத் மவுஸை எப்படி இணைப்பது? இணைத்த பிறகு கர்சர் திணறினால் என்ன செய்யலாம்?

பதில்: மவுஸை ஆன் செய்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அதன் இணைப்புப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப்பின் செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ பகுதிக்குப் போய், ‘ஆட் டிவைஸ்’, பிறகு ‘புளூடூத்’ என்று தேர்ந்தெடுங்கள். பட்டியலில் மவுஸின் பெயர் வந்ததும் கிளிக் செய்தால் இணைந்துவிடும்.

கர்சர் திணறினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். அது சரியாக இருந்தால், அலைவரிசை நெரிசல் காரணமாக இருக்கலாம். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபையும் பயன்படுத்துகிறது. உங்கள் ரவுட்டரில் வசதியிருந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையூறு செய்யும்; வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி மேசையில் சென்சார் தடுமாறும்; மவுஸ் பேட் அவசியம்.