பார்மேசான் சீஸ் கட்டி தட்டாமல் இருக்க

பாஸ்தாவில் பார்மேசான் சீஸைப் போட்டதும் கட்டி தட்டிக் கரண்டியில் ஒட்டிக்கொள்கிறதா? சீஸைக் குறை சொல்லாதீர்கள், குற்றம் அடுப்பில். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகே தூவுங்கள்: அதிகச் சூட்டில் அதன் புரதம் இறுகி, கொழுப்பு பிரிந்துவிடும். பாஸ்தா வெந்த நீரில் அரைக் கப் எடுத்து வைத்து, சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள்; அதிலுள்ள மாவுச்சத்துதான் சீஸைத் திரளவிடாமல் குழைவாக வைக்கும். துருவியே விற்கும் பாக்கெட் சுலபமாயிற்றே என்பீர்கள். ஒட்டாமலிருக்க அதில் பெரும்பாலும் செல்லுலோஸ் தூள் கலப்பதால் சரியாக உருகாது. துண்டாக வாங்கி, வேண்டும்போது பூப்போலத் துருவுங்கள்.

விலை அதிகம்தான். ஆனால் தோல்கூட வீணில்லை. அசல் பார்மேசானான இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் முதிரவைக்கப்படுவது. புள்ளி எழுத்துகள் பதித்த அதன் தோல் மெழுகல்ல, காய்ந்து இறுகிய சீஸேதான். சுரண்டிக் கழுவி, மினெஸ்ட்ரோனே காய்கறி சூப்பில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் செய்த சூப்புக்கும் ருசி ஏறும். உப்பைக் கடைசியில் போடுங்கள், சீஸிலேயே உப்பு உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அசல் பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் சேர்கிறது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.