ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டப்போகும் தம்பிக்கு



ஆக்டிங் டிரைவராக இதுவரை மேனுவல் வண்டியே ஓட்டிவந்தாய். இனி ஆட்டோமேட்டிக்கும் அடிக்கடி கைக்கு வரும். "அதில் மைலேஜ் நம்ம கையில் இல்லை" என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். நம்பாதே. கையிலிருந்த வேலை வலது காலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறாய், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதை வைத்துத்தான் எந்தக் கியர் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அழுத்தி மிதித்தால் உனக்கு அவசரம் என்று எடுத்துக்கொண்டு கீழ் கியரிலேயே இன்ஜினைக் கதறவிடும். ஆர்.பி.எம். முள்ளைக் கவனித்துப் பழகு. வேண்டிய வேகம் வந்த பிறகும் முள் மேலேயே நின்றால், காலைக் கொஞ்சம் தளர்த்து. கியர் மாறும், முள் இறங்கும், சத்தமும் அடங்கும். அப்புறம் அந்த வேகத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மிதி. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. அங்கே இன்ஜினின் விசை எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு சூடாகி வீணாகும். வேகம் சீரானதும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டி அந்த நஷ்டத்தை நிறுத்திவிடும். சும்மா சும்மா மிதித்து எடுத்தால் அந்தப் பூட்டு நிலைக்காது.

ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று மூத்த டிரைவர்களே சொல்லித்தருவார்கள். அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், டிரைவிலேயே இருந்து காலை எடுத்தால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும்; கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். அதைவிடப் பெரிய விஷயம், இன்ஜினின் பிடி போய்விடும். பாரமெல்லாம் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறி, கொண்டை ஊசி வளைவில் பிடிக்காமல் போகலாம். பின் சீட்டில் ஒரு குடும்பம் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறது, தம்பி. செங்குத்தான இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்கு.

ஊருக்குள்ளும் இதே கணக்குதான். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிடு. அதுவரை ஓட்டிப்போய்ப் பக்கத்தில் பிரேக் அடித்தால், அதற்கு எரித்த பெட்ரோல் பிரேக் சூடாகத்தான் போகும். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடு. டயர் காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன்பே பார்த்துவிடு.

சாவி வாங்கும்போதே எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று ஓனரிடம் கேட்டுக்கொள். 2014-இல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. இப்போது சின்ன கார்கள் பலவற்றில் இருக்கிறது. அதற்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் கருவி செய்கிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, வண்டி பின்னால் போகாமலிருக்க ஆக்சிலரேட்டரிலேயே தாங்கிப் பிடிக்காதே. பெட்ரோலும் போகும், கிளட்சும் தேயும். பிரேக்கை மிதித்து நில். நேரமானால் ஹேண்ட் பிரேக்கைப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்