பிரசவத்துக்குப் பின் 48 மணி நேரம்

சுகப்பிரசவம் ஆகி, பிள்ளையின் காதில் பாங்கும் சொல்லியாயிற்று என்றால் வீட்டுக்குக் கிளம்பவே நமக்கு அவசரம். ஆனால், தாயின் உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வருகிறது. குறைந்தது 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்கச் செய்வோம். அரசு மருத்துவமனையில் மருந்து, உணவு, வீடு திரும்ப வாகனம் எல்லாம் இலவசம்.

ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். தேன் தொட்டு வைக்க வேண்டாம்; ஒரு வயது வரை அது ஆபத்து. பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று அட்டையில் பார்ப்போம்.

வீடு வந்தபின் தாய்க்கு மிகுந்த ரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காவிட்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ உடனே 108-ஐ அழைப்போம். நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்ற வழக்கம் மருத்துவமனைக்குப் பொருந்தாது. தாயும் சேயும் நம்மிடம் உள்ள அமானிதம்.