குறித்த நாளில் விடைபெறுதல்

வேப்பம்பட்டு

அன்புள்ள தம்பிக்கு,

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவந்த தன் தந்தைக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டபடியால் உன் ஆருயிர் நண்பன் அடுத்த மாதம் பள்ளியை விட்டுப் போகிறான் என்றும், இனி எவரோடும் நெருங்கிப் பழகுவதில்லை என்று நீ சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். தொழிற்சாலைகளை நம்பிக் குடும்பங்கள் வருவதும் போவதுமாயிருக்கும் நம் திருவள்ளூர்ப் பக்கத்தில் இத்துயரம் பலருக்கும் நேர்வதே; ஆயினும் உன் சங்கற்பம் சரியன்று என்பதை, பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு உலகை வலம்வந்த இருவரின் வாழ்வைக் காட்டி விளக்க விரும்புகிறேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் நம் கடற்படை அதிகாரிகள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, காற்றையே துணைக்கொண்டு ஏறத்தாழ 25,400 கடல்மைல் கடந்து, 2025 மே 29-ஆம் நாள் அவர்கள் திரும்பிவந்தனர். ரூபாவின் தந்தை விமானப்படையிலும் தில்னாவின் தந்தை தரைப்படையிலும் பணிபுரிந்தவர்கள். மாற்றலும் பிரிவும் அத்தகைய குடும்பங்களுக்குப் புதியவை அல்ல.

அந்தச் சிறு படகில் மனஸ்தாபம் வந்தால் விலகிப்போக வேறிடமில்லை. ஒருவர் விழித்துக் காவலிருந்தால்தான் மற்றவர் உறங்கலாம். ஆதலால் கண்ணயரும் ஒவ்வொரு வேளையும் தம் பிராணனைத் தோழியின் கையில் ஒப்படைத்தே கண்ணயர வேண்டும். நட்பை வளர்ப்பவை இனிய வார்த்தைகள் மட்டுமல்ல, தன் முறை வந்தபோது தவறாமல் எழுந்துநிற்கும் கடமையுணர்ச்சியுமாகும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த வல்லது வேறில்லை.

ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய துறைமுகங்களில் அவர்கள் தங்கினார்கள். வரவேற்றவர்கள் எத்துணைப் பிரியமானவர்களாயினும், முதலிரு துறைமுகங்களில் காலம் தாழ்த்த இயலாது; ஏனெனில் தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள கேப் ஹார்ன் முனையைத் தென் அரைக்கோளத்தின் கோடைக்குள் கடந்துவிட வேண்டும்; குளிர்காலம் நெருங்க நெருங்க அக்கடலின் சீற்றம் அதிகரிக்கும். 2025 பிப்ரவரியில் அவர்கள் அம்முனையைக் கடந்தனர் என்றால், அவ்விரு கரைகளிலும் உரிய காலத்தில் விடைபெறத் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணமாகும்.

உனக்கும் பிரியும் நாள் முன்னரே தெரிந்திருக்கிறது. அது ஒரு பாக்கியம் என்று கொள். இரவலாக வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடு. தீராத பிணக்கு ஏதேனும் இருந்தால் இப்போதே தீர்த்துக்கொள். உனக்கும் சேர்த்துச் சோறிட்ட அவன் தாயாரை வணங்கி நன்றி சொல். புதிய விலாசத்தைக் கேட்டு வாங்கி, முதல் கடிதத்தை நீயே எழுது. பின்னர், வேறோர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, எவரையும் அறியாது உன் வகுப்பில் தனித்து அமரும் மாணவனிடம் நீயாகவே சென்று பேசு. உன் நண்பனுக்கும் ஓசூரில் எவனோ ஒருவன் அவ்வாறே செய்ய வேண்டுமென்று நீ ஆசைப்படுவாய் அல்லவா?

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்