மலேரியாவும் கணித சாஸ்திரமும்

காய்ச்சலைத் தீர்த்தல் வைத்தியர் தொழில். கணக்கிடுதல் கணித ஆசிரியர் தொழில். இவ்விரண்டிற்கும் யாது இயைபு என்று நம் மாணவருட் சிலர் வினவக்கூடும். மலேரியாவின் வரலாற்றை நோக்குவோமாயின் அவ்வியைபு இனிது விளங்கும்.

இந்தியாவில் இராணுவ வைத்தியராயிருந்த ரொனால்டு ராஸ் என்பவர், 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி செகந்தராபாத்தில், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றினுள் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவைக் குறைத்தால் நோய் குறையும் என்று அவர் கூறியபொழுது, ஒரு தேசத்துக் கொசுக்களையெல்லாம் ஒழித்தல் ஆகாத காரியமென்று பலர் மறுத்தனர். அம்மறுப்புக்கு ராஸ் கணிதத்தாலேயே விடை பகர்ந்தார். 1908-ல் மொரீஷியஸ் தீவைப் பற்றி எழுதிய அறிக்கையிலும், 1911-ல் வெளியான தம் நூற்பதிப்பிலும், கொசுக்களை முற்றும் ஒழிக்க வேண்டுவதில்லை, ஓர் எல்லையளவுக்குக் கீழே குறைத்தாற் போதும் என்று நிறுவினார்.

அஃது எவ்வாறெனில், ஒரு நோயாளியினின்று சராசரி இருவர்க்கு நோய் பற்றுமாயின், 100 பேர் 200 ஆவர். பின் 400, 800 எனப் பெருகுவர். இருவர்க்கு ஒருவர் வீதம் பற்றுமாயின், 100 பேர் 50 ஆவர். பின் 25 எனத் தேய்வர். ஆகவே ஒன்று என்னும் எண்ணே வெற்றி தோல்விகளைப் பிரிக்கும் வரம்பாம்.

இக்கணக்கை ஜார்ஜ் மக்டொனால்டு என்னும் அறிஞர் 1950-க்குப் பின் விரித்துரைத்தார். கொசுவினுள் புகுந்த கிருமி முதிர்வதற்கு, வெப்ப நாடுகளில் ஏறக்குறைய 10 நாட்கள் வேண்டும். அதற்குள் கொசு இறப்பின் நோய் பரவாது. நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்குமாயின், 10 நாட்களுக்குப்பின் 100-ல் 35 எஞ்சும். நூற்றுக்கு எழுபதே பிழைக்குமாயின், எஞ்சுவன மூன்றளவே. குட்டைகளில் புழுக்களை அழித்துக் கொசுவின் தொகையைப் பாதியாக்கினால் நோய் பரவுதலும் பாதியே குறையும். வளர்ந்த கொசுவின் ஆயுளைச் சிறிது குறைத்தாலோ பயன் பன்மடங்காகும். இரத்தமுண்ட கொசு தங்கும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தமைக்கு இதுவே நியாயம். மேலும், நோயைப் பரப்பக் கொசு இருமுறை கடித்தல் வேண்டும்: ஒருமுறை நோயாளியை, ஒருமுறை பிறரை. ஆதலின் வலை முதலியவற்றால் கடியைப் பாதியாக்கினால் பரவுதல் காற்பங்காகும்.

எனினும் எண்ணிக்கை சிறுத்தவுடன் காவலை விடுதல் பெருந்தீங்கு. இலங்கையில் 1963-ல் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேரே. மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்துக்கு மேற்பட்டனர். 17 என்னும் எண்ணைப் பதினைந்து முறை இரட்டித்துப் பார்ப்போமாயின் 5,57,056 வரும், இதில் வியப்பொன்றுமில்லை. நோயாளிகள் குறைந்தனரேயன்றி, நோய் பெருகுதற்குரிய நிலைமை மாறவில்லை. பின்னர் நெடுங்காலம் உழைத்தே அத்தீவு 2016-ல் மலேரியா நீங்கிய நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று பெற்றது.

கொசு எல்லாரையும் ஒரே அளவாய்க் கடிக்கும் என்பன போன்ற எளிய கோட்பாடுகளின்மேல் எழுந்தவை இச்சமன்பாடுகள். ஆதலின் ஊர்தோறும் சென்று கொசுவையும் நோயாளியையும் எண்ணிச் சரிபார்ப்பார் இல்லையேல் அவை பயன்தரா. எண்ணுவார் உளராயின், எவ்விடத்தில் அடித்தால் நோயின் சங்கிலி அறும் என்பதை அவை காட்டும். கணித வகுப்பில் அடுக்குகளைப் பயிலும் நம் மாணவர், ஓர் உயிரைக் காக்கும் கருவியையும் பயில்கின்றோம் என்று உணர்வாராக.