இரவற் கோடரி

எலிசா தீர்க்கதரிசியின் வரலாற்றில் அரசரும் படைத்தலைவரும் வந்து நிற்கும் பெரிய நிகழ்ச்சிகள் பல உள. அவற்றினிடையே, 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தின் முதல் 7 வசனங்களில், ஒரு மாணாக்கனையும் அவன் கைதவறவிட்ட கோடரியையும் பற்றிய சிறு வரலாறு ஒன்று வருகின்றது. வாசிப்போர் பலர் இதனை விரைந்து கடந்துபோவர். கலாசாலையில் வாழும் நாமோ இதனருகே சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஏனெனில் இது மாணாக்கரின் கதை; அவர்தம் விடுதியின் கதை.

தீர்க்கதரிசிகளின் புத்திரர் எனப்பட்டோர் எலிசாவை ஆசிரியராகக் கொண்டு ஒருங்கு வாழ்ந்தவர்கள். அவர்கள் குடியிருந்த இடம் நெருக்கமாயிற்று. அதற்காக அவர்கள் அரண்மனை வாயிலிற் போய் நிற்கவில்லை. யோர்தான் கரைக்குச் சென்று, ஆளுக்கோர் உத்திரம் வெட்டி, தாங்களே வீடு கட்டிக்கொள்ள விடை கேட்டார்கள். அவர்களுள் ஒருவன் ஆசிரியரும் உடன்வர வேண்டுமென்றான், அவரும் இசைந்தார். மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று ஆற்றில் விழுந்தது. அவன், ஐயோ, அது இரவலாக வாங்கியதாயிற்றே என்று கதறினான்.

இக்கதறலை நாம் நுணுகி ஆராய்வோமாக. தன் வேலை நின்றுபோயிற்றே என்று அவன் வருந்தவில்லை. உடன்வந்தோர் நகைப்பரே என்று நாணவுமில்லை. அவன் வாயினின்றும் முதலில் வெளிவந்த நினைவு பொருளுக்குடையவனைப் பற்றியது. அம்மாணாக்கரின் வறுமையையும் இங்கே நினைத்தல் தகும். 4-ம் அதிகாரத்தில் அக்கூட்டத்தாருள் ஒருவன் கடன்பட்டு இறந்துபோக, கடன் கொடுத்தவன் அவனுடைய 2 புதல்வரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்தான் என்று படிக்கின்றோம். அத்தகைய ஏழைகளுள் ஒருவனுக்கு ஒரு கோடரியின் இழப்புச் சிறிய இழப்பன்று.

அவன் சொல்லக்கூடிய சாக்குகளும் குறைவல்ல. காம்பு தளர்ந்திருந்தது கோடரி கொடுத்தவனின் குற்றம் எனலாம். தான் செய்தது பொதுவேலையாதலால் அனைவரும் பங்கிட்டு ஈடு செய்யட்டும் எனலாம். உபாகமம் 19-ம் அதிகாரமே, கோடரி காம்பைவிட்டுக் கழலுதலை மனமறியாது நேரும் விபத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றது. ஆகவே சட்டத்தின் நிழலும் அவனுக்கு அணித்தேயிருந்தது. அவன் அந்நிழலில் ஒதுங்கவில்லை.

நிற்க. எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது எங்கே விழுந்தது என்று மட்டும் வினவினார். அவன் அவ்விடத்தைக் காட்டினான். இவ்வினாவின் ஆழம் விளங்கவேண்டுமாயின் முந்தின அதிகாரத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சீரியப் படைத்தலைவனாகிய நாகமான் குணமடைந்து, தான் கொணர்ந்த காணிக்கையை அளித்தபோது எலிசா அதனை ஏற்க மறுத்தார். ஆயின் அவருடைய ஊழியனாகிய கேயாசி இரகசியமாகப் பின்தொடர்ந்து ஓடி, 2 தாலந்து வெள்ளியும் 2 மாற்று வஸ்திரங்களும் பெற்றுத் திரும்பினான். அதற்கு அவன் கூறிய பொய் யாது? தீர்க்கதரிசிகளின் புத்திரருள் வாலிபர் இருவர் வந்திருக்கின்றனர், அவர்களுக்காகவே வேண்டும் என்பதாம். ஏழை மாணாக்கரின் பெயரால் அவன் வெள்ளி தேடினான். அம்மாணாக்கருள் ஒருவனோ அடுத்த அதிகாரத்தில் இரவற் கோடரியோடு நிற்கின்றான்!

கேயாசி திரும்பி வந்தபோதும் எலிசா கேட்ட வினா எங்கே என்பதுதான்: எங்கிருந்து வருகின்றாய்? அவனோ தான் எங்கும் போகவில்லையென்று விடை பகர்ந்தான். நாகமானை நீங்கிய குஷ்டம் அவனைப் பற்றியது. ஆசிரியர் ஒருவரே, வினாவும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவன் இடத்தை மறைத்தான், ஒருவன் இடத்தைச் சுட்டிக்காட்டினான். மறைத்தவன் பெற்றதையும் இழந்தான். காட்டியவன் இழந்ததையும் பெற்றான். ஒருவனுடைய ஒழுக்கத்தின் அளவை, தவறே நேராதிருப்பதனால் அன்று, நேர்ந்தபின் அவ்விடத்தைக் காட்டும் துணிவினாலேயே நாம் அறிகின்றோம்.

இரும்பு நீரினும் ஏறக்குறைய 8 மடங்கு கனமுடையது, அது மிதத்தல் எங்ஙனம் என விஞ்ஞானம் பயிலும் அன்பர்கள் வினவக்கூடும். மூழ்கியதை மிதக்கச் செய்தல் மனிதனால் ஆவதன்று. அதனாலன்றோ அதனை அற்புதம் என்கின்றோம். ஆயினும் மிதந்த இரும்பு தானாக அவன் கையில் வந்து சேரவில்லை. அதனை எடுத்துக்கொள்ளும்படி எலிசா பணித்தார். அவன் தன் கையை நீட்டி எடுத்தான். நம்மால் இயலாததைக் கர்த்தர் செய்கின்றார். நம்மால் இயன்றதை நமக்கே விட்டுவைக்கின்றார். ஜெபித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டிருப்போர்க்கு இஃது ஓர் அறிவுரையாகும்.

இனி நம் நிலையை நோக்குவோம். மாணாக்க வாழ்வு பெரிதும் இரவல் வாழ்வே. நூல்நிலையத்தினின்று எடுத்துவரும் புத்தகம் இரவல். அதன் ஓரத்திற் கிறுக்குதலும், படத்தைக் கிழித்துக்கொள்ளுதலும், பின் ஒன்றுமறியாதார்போல் அடுக்கில் வைத்துவிடுதலும் இரும்பை ஆற்றில் விட்டு வெறுங்காம்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒப்பாம். சோதனைச்சாலையில் உடைந்த கண்ணாடிக் குழாயை மேசையின் கீழ்த் தள்ளுவோன் கேயாசியின் விடையையே கூறுகின்றான். நண்பனது குறிப்பேடும் இரவல். நிலத்தை ஈடுவைத்தோ நகையை விற்றோ பெற்றோர் அனுப்பிய பணத்தால் வாங்கிய இக்காலமும் இரவலே. நாம் பயிலும் கட்டடங்களும், நம் முகத்தை ஒருபோதும் கண்டிராதோர் ஈந்த பொருளால் எழுந்தவை. இவ்வளவும் எமதே என்று எண்ணி நடப்போனுக்கும், இவை ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டியவை என்று எண்ணி நடப்போனுக்கும் உள்ள வேற்றுமை பரீட்சைத் தாளிற் புலப்படாது. பிற்கால வாழ்வில் நன்கு புலப்படும்.

பிறர்க்குக் கூறும் நாம் குற்றமற்றவர் அல்லேம். இதனை எழுதும் எம்முடைய அலமாரியில், மாணவப் பருவத்தில் நண்பர் ஒருவரிடம் ஒரு வாரத் தவணையில் வாங்கிய நூல் ஒன்று இன்றும் இருக்கின்றது. முதற்பக்கத்தில் அவர் பெயர் மை மங்கிக் காணப்படுகின்றது. வீடு மாறிய போதெல்லாம் அதனையும் கட்டியெடுத்து வந்தோம். அவரும் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. இவ்வேத பாகத்தை ஆராயப் புகுந்த அன்று அந்நூல் எம் கண்ணிற் பட்டது. அது எங்கே என்னும் வினா எலிசாவின் குரலிலேயே எம் செவியில் ஒலித்தது. அவருடைய முகவரியைத் தேடத் தொடங்கியுள்ளோம். பழைய மாணாக்கர் பலருடைய அலமாரிகளிலும் இத்தகைய இரும்புகள் மூழ்கிக் கிடத்தல் கூடும்.

அம்மாணாக்கன் கோடரியை உடையவனிடம் ஒப்புவித்தான் என்று வேதம் வெளிப்படையாகக் கூறவில்லை. இரும்பு அவன் கைக்கு வந்ததோடு வரலாறு முடிகின்றது. ஆனால் அது விழுந்த கணத்திலேயே உடையவனை நினைந்து கதறியவன், எடுத்தபின் அவனை மறந்திருப்பான் என்று நாம் எண்ண இடமில்லை. நம்முடைய வரலாறும் அவ்விடத்திலேயே நிற்கின்றது. மூழ்கியவை எத்தனையோ கர்த்தருடைய இரக்கத்தால் மீண்டும் நம் கைக்கெட்டும்படி மிதக்கின்றன. கையை நீட்டி எடுப்போமாக. எடுத்ததை உரியவரிடம் சேர்ப்போமாக.